18 வயது ஏசியும் ஃபர்னஸும்: பழுது பார்ப்பதா, மொத்தமாக மாற்றுவதா?

மேல்மாடி:

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரே டக்டில் (அறைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகும் பாதை) கேஸ் எரித்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் ஏசியும் ஓடுகின்றன. இரண்டையும் ஒன்றாகவே பொருத்தியிருக்கிறார்கள். நேம் பிளேட்டைப் பார்த்தால் 18 வயது. வீட்டை வாங்கும்போது கூடவே வந்தவை என்பதால் முன்கதை எதுவும் தெரியாது.

இந்தக் கோடையில்தான் தொல்லை ஆரம்பித்தது. காலையில் ஓரளவு குளிர்கிறது. பிற்பகலுக்கு மேல் தெர்மோஸ்டாட்டில் வைத்த அளவை எட்டுவதே இல்லை. அப்புறம், வெளியே இருக்கும் யூனிட் சில நேரம் கிளம்பும்போது 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு 'டக்'கென்று அடங்கிவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் தானாகவே ஓடுகிறது.

முதலில் வந்து பார்த்த டெக்னீஷியன், "ஏசியில் குளிரூட்டும் கேஸ் குறைந்திருக்கிறது, கம்ப்ரசரும் வீக், ஃபர்னஸோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்" என்று கையோடு கொட்டேஷனையும் நீட்டிவிட்டார். அடுத்து வந்தவரோ, "ஒரு சின்ன பார்ட்தான், போட்டால் ஓடும்" என்கிறார். ஃபர்னஸ் போன குளிர்காலம் முழுக்க எந்தத் தகராறும் பண்ணவில்லை.

யார் பேச்சைக் கேட்பது? 15 வருடம் தாண்டினால் மாற்றியே ஆக வேண்டும் என்கிறார்களே, அது உண்மையா?

சுள்ளி:

18 வருடம் ஓடியதே பெரிய விஷயம். என் கணக்கு ரொம்ப எளிது: வயது 12-ஐத் தாண்டியிருந்து, பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியை நெருங்கினால் யோசிக்காமல் மாற்று. உங்களுடையதில் வயது மட்டுமே போதும். இன்றைக்கு ஒரு பார்ட், நாளைக்கு இன்னொரு பார்ட் என்று இழுத்துக்கொண்டே போகும்.

திருப்புளி:

தம்பி, மாற்றுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்ப்போம். என்ன கெட்டிருக்கிறது என்று இன்னும் யாருமே சொல்லவில்லையே.

முதல் ஆள் சொன்ன இரண்டு குறைகளும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கேஸ் குறைந்தால் சக்‌ஷன் பக்கத்து, அதாவது கம்ப்ரசர் கேஸை உள்ளிழுக்கும் பக்கத்து, அழுத்தம் இறங்கும். கம்ப்ரசருக்கு அமுக்கும் வலு குறைந்தால் சக்‌ஷன் ஏறும், டிஸ்சார்ஜ், அதாவது வெளித்தள்ளும் பக்கம், இறங்கும். ஒரே யூனிட்டில் இரண்டும் நடக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கேஸ் குறைவாக இருக்கும்போதே கம்ப்ரசர் வீக் என்று தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது. கேஸைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கம்ப்ரசரின் வலுவே தெரியும். அவர் எந்த எண்களைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று கேட்டீர்களா? சக்‌ஷன் எவ்வளவு, டிஸ்சார்ஜ் எவ்வளவு, சூப்பர்ஹீட் (ஆவியான பிறகு கேஸ் கூடுதலாக ஏறிய சூடு), சப்கூலிங் (திரவமான பிறகு கூடுதலாக ஆறிய அளவு), கம்ப்ரசர் இழுக்கும் ஆம்பியர். இவை தாளில் இல்லையென்றால் அது சோதனை இல்லை, வியாபாரம்.

இன்னொன்றும் உண்டு. ஃபில்டரோ உள்காயிலோ (உள்ளே காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) அடைத்துக்கொண்டு காற்று குறைந்தாலும் சக்‌ஷன் இறங்கும். அவசரக்காரர்கள் அதைப் பார்த்ததும் கேஸ் குறைவு என்று ஏற்றிவிடுவார்கள். பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது: கேஸ் குறைந்திருந்தால் சூப்பர்ஹீட் ஏறும், சப்கூலிங் விழும். காற்று போதவில்லையென்றால் சூப்பர்ஹீட் ஏறாது.

உங்கள் முனகலுக்கு வருவோம். 'ம்ம்ம்... டக்' என்பது பெரும்பாலும் கெபாசிட்டர், மோட்டார் கிளம்ப உந்து கொடுக்கும் பார்ட். வெளி யூனிட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் வெள்ளி நிறத்தில் முட்டை வடிவ டப்பா ஒன்று நிற்கும். தலையில் மூன்று முனைகள்: பொதுவானது ஒன்று, ஃபேனுக்கு ஒன்று, கம்ப்ரசருக்கு ஒன்று. லேபிளில் 45+5 மைக்ரோஃபாரட் என்பதுபோல எழுதி, கூட்டல் கழித்தல் 6 சதவீதம் என்றும் போட்டிருக்கும். வெயிலிலேயே நின்று நின்று அதன் அளவு குறைந்துவிடும். தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம், போய்விட்டது. அளவு குறைந்தால் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் முனகும், சூடேறி உள்ளே இருக்கும் ஓவர்லோடு ஸ்விட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும், ஆறியதும் மறுபடி முயலும். நீங்கள் எழுதியது அப்படியே இதுதான். இரண்டாவதாக வந்தவர் சொன்ன சின்ன பார்ட்டும் இதுவாகவே இருக்கும்.

நீங்களே திறந்து கைவைக்க வேண்டாம். மெயினை அணைத்த பிறகும் அந்த டப்பாவில் மின்சாரம் தங்கியிருக்கும்.

எனக்கு வேண்டிய தகவல்: நேம் பிளேட்டில் என்ன கேஸ்? உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே தள்ளும் காற்றுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம்? உள்காயிலில் எண்ணெய்க் கசிவு உண்டா? தடித்த குழாயில் பனி பிடிக்கிறதா?

காற்றாடி:

திருப்புளி அண்ணா கேட்டதோடு, வெளி யூனிட்டைச் சுற்றி இலைதழை இருக்கிறதா என்றும் பாருங்கள். நாய் வளர்க்கும் வீடுகளில் அந்தக் காயில் கம்பளிபோல முடி சுற்றிக் கிடக்கும். மின்சாரத்தை அணைத்துவிட்டு ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட்டாலே பிற்பகல் குளிர்ச்சி திரும்பிவிட்ட வீடுகள் உண்டு. பிரஷர் வாஷர் மட்டும் கூடாது, காயிலின் மெல்லிய தகடுகள் (ஃபின்) எல்லாம் மடிந்துவிடும்.

மேல்மாடி:

அனைவருக்கும் நன்றி. இரண்டாவதாக வந்தவரையே திரும்பக் கூப்பிட்டேன். கெபாசிட்டர்தான். 45 என்று எழுதிய பக்கம் மீட்டரில் 31 காட்டியது. புதியது போட்டதும் முனகல் நின்றுவிட்டது.

ஆனால் பிற்பகல் பிரச்சினை அப்படியே இருக்கிறது. காற்று வித்தியாசம் 5 டிகிரி செல்சியஸ்தான். ஃபில்டர் புதிது. வெளிக்காயிலைக் கழுவினோம், பெரிய மாற்றம் இல்லை. உள்காயிலைத் திறந்து காட்டினார். கீழ் வரிசையில் குழாய் வளைந்து திரும்பும் இடத்தில் எண்ணெய்ப் பசையும் அதன்மேல் தூசியும் ஒட்டிக் கிடக்கின்றன. சக்‌ஷன் குறைவு, சூப்பர்ஹீட் அதிகம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கேஸ் ஆர்-22.

கம்ப்ரசரின் வைண்டிங்கையும் அளந்தார். நன்றாக இருக்கிறதாம்.

திருப்புளி:

ஆர்-22 என்றால் கதை மாறுகிறது.

வித்தியாசம் 8 முதல் 11 டிகிரி வரை இருக்க வேண்டும். காற்றில் ஈரம் மிக அதிகமென்றால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 5 என்பது போதாது. எண்ணெய்ப் பசை இருக்கும் இடத்தில்தான் கசிவு. கம்ப்ரசர் எண்ணெய் கேஸோடு சேர்ந்தே சுற்றுவது, எனவே கேஸ் வெளியேறும் ஓட்டையில் எண்ணெயும் எட்டிப் பார்க்கும். உள்காயிலின் செம்புக் குழாயில் கண்ணுக்கே தெரியாத எறும்புப் புற்றுத் துளைகள் விழுவது வழக்கம். வீட்டுக்குள் பெயிண்ட், ஒட்டுப்பலகை, சுத்தம் செய்யும் திரவங்கள் இவற்றிலிருந்து வரும் கரிம அமிலங்கள் ஈரமான செம்பை அரிப்பதால் வருவது அது. ஒரு துளையைப் பற்றவைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். காயிலைத்தான் மாற்ற வேண்டும்.

ஓசோன் படலத்துக்காக 1987-இல் மாண்ட்ரியல் நெறிமுறை வந்தது. ஓசோனைக் கெடுக்கும் ஆர்-22-உம் பிறகு அதன் பட்டியலில் சிக்கியது. வளர்ந்த நாடுகளில் 2020-ஓடு புதிதாகத் தயாரிப்பது ஏறக்குறைய முழுவதுமாக நின்றுவிட்டது. வளரும் நாடுகளுக்கு 2030 வரை படிப்படியாகக் குறைக்க அவகாசம். ஆகவே இன்று கிடைப்பது பெரும்பாலும் பழைய கையிருப்பு, அல்லது பழைய யூனிட்களிலிருந்து உறிஞ்சிச் சுத்திகரித்தது. கசியும் காயிலில் அதை ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை.

சுள்ளி:

அதைத்தானே முதலிலேயே சொன்னேன்!

திருப்புளி:

சுள்ளி தம்பி, முடிவு ஒன்றாக இருக்கலாம், காரணம் வேறு. நீங்கள் வயதைப் பார்த்துச் சொன்னீர்கள். இதே 18 வயது யூனிட்டில் கசிவு இல்லாமல் கெபாசிட்டர் மட்டும் போயிருந்தால் நான் மாற்றச் சொல்லியிருக்க மாட்டேன். ஆறு வயது யூனிட்டில் காயில் கசிந்தால் காயிலை மட்டும் மாற்றச் சொல்வேன், அதுவும் வாரண்டியில் கேட்கச் சொல்வேன். என்ன காரணத்துக்காக மாற்றுகிறோம் என்பது தெரிந்தால்தான் எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்பது தெரியும். இப்போது மேல்மாடி முன்னால் நிற்கும் கேள்வியே அதுதான், ஃபர்னஸும் போக வேண்டுமா?

மேல்மாடி:

ஆமாம், அதைத்தான் கேட்க வந்தேன். வெளி யூனிட்டை மட்டும் மாற்றிப் பழைய உள்காயிலை விட்டுவைக்கலாம் என்று ஒருவர் போனில் சொன்னார்.

திருப்புளி:

போனை வைத்துவிடுங்கள். கசிவே அந்தக் காயிலில்தான் இருக்கிறது. அது நல்ல காயிலாக இருந்தாலும் ஆகாது. ஆர்-22-க்குப் பிறகு புதிய யூனிட்களில் வந்த ஆர்-410ஏ கேஸ், ஆர்-22-ஐவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் ஓடுவது. எண்ணெயும் வேறு: பழையதில் மினரல் எண்ணெய், புதியதில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் செயற்கை எண்ணெய். வெளி யூனிட்டும் உள்காயிலும் ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்த ஜோடியாக வாங்க வேண்டும். ஜோடி சேராவிட்டால் பெட்டியில் போட்டிருக்கும் மின்சிக்கன எண் வெறும் அலங்காரம்.

நெல்லிமரம்:

ஒரு சேர்க்கை. இப்போது புதிதாக வாங்குபவர்கள் என்ன கேஸ் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆர்-410ஏ ஓசோனைக் கெடுக்காது, ஆனால் வெப்பமாக்கும் திறனில் கார்பன் டை ஆக்சைடைப்போல 2088 மடங்கு. மாண்ட்ரியல் நெறிமுறைக்கு 2016-இல் வந்த கிகாலி திருத்தத்துக்குப் பிறகு அதையும் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆர்-32 என்றால் 675. ஆர்-454பி 466. பின்னிரண்டும் லேசாகத் தீப்பற்றக்கூடியவை என்ற வகையில் வரும், எனவே பொருத்துபவர் அதற்கான கருவியும் பயிற்சியும் உள்ளவராக இருக்க வேண்டும். வீட்டுக்காரர் பயப்பட ஒன்றுமில்லை. பழைய ஸ்டாக் ஆர்-410ஏ யூனிட்டை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது ஓடும்தான், ஆனால் பத்து வருடம் கழித்து இன்றைய ஆர்-22 நிலைமையை நோக்கிப் போகும் என்பதையும் சேர்த்து எடை போடுங்கள்.

வெயிலாள்:

ஃபர்னஸ் பற்றி நான் சொல்கிறேன், என் வேலையே கேஸ் அடுப்புகளும் ஃபர்னஸ்களும்தான்.

ஓடும் ஃபர்னஸை வயதுக்காக மாற்ற வேண்டாம். ஆனால் "தொல்லை தரவில்லை" என்பது சோதனை ஆகாது. உள்ளே ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற உலோக அறை இருக்கிறது. ஒரு பக்கம் தீயும் புகையும், மறுபக்கம் நீங்கள் மூச்சுவிடும் காற்று. வருடக் கணக்கில் சூடாகிச் சூடாகி ஆறும்போது வளைவுகளிலும் வெல்டு ஓரங்களிலும் விரிசல் விடும். விரிசல் விட்ட பிறகும் வீடு கதகதப்பாகவே இருக்கும், அதுதான் ஆபத்து.

சோதிக்கும் ஆள் பர்னர் எரியும்போது தீயைப் பார்ப்பார். நீலமாக நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் கழித்து ப்ளோயர் (காற்றைத் தள்ளும் ஃபேன்) கிளம்பும் அந்தக் கணத்தில் தீ ஆடினாலோ, மஞ்சளாகி வெளியே நாக்கை நீட்டினாலோ, காற்று எங்கோ உள்ளே புகுகிறது என்று பொருள். அதன் பிறகு கேமரா விட்டும், புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு எவ்வளவு என்று அனலைசர் வைத்தும் பார்க்க வேண்டும். விரிசல் என்று யாராவது சொன்னால் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். நியாயமானவர் காட்டுவார். "விரிசல்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லி ஃபர்னஸ் விற்பவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், என்ன செய்ய.

கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒன்று. சாதாரண வீட்டு அலாரம் 70 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 70 பங்கு) அளவு ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால்தான் கத்தும். 30, 40 என்று நாளெல்லாம் இருந்தால் சும்மாதான் இருக்கும். வீட்டில் கைக்குழந்தையோ இதய நோயாளியோ இருந்தால் குறைந்த அளவையும் திரையில் காட்டும் வகையாக வாங்குங்கள்.

மேல்மாடி:

அக்கா, சோதனையில் ஃபர்னஸ் தேறினால் அப்படியே விட்டுவிடலாமா?

வெயிலாள்:

தேறினாலும் இரண்டு விஷயம் யோசிக்க வேண்டும்.

ஏசிக்கும் காற்றைத் தள்ளுவது ஃபர்னஸில் இருக்கும் ப்ளோயர்தான். புதிய ஏசியும் 18 வயது மோட்டாரை நம்பித்தான் ஓடும். மோட்டார் போனால் மோட்டாரை மட்டும் மாற்றலாம், அது பெரிய விஷயமில்லை. இரண்டாவது, உள்காயில் உட்கார்ந்திருப்பது ஃபர்னஸின் தலைமேல். மூன்று வருடத்தில் ஃபர்னஸ் போனால் அதே காயிலை மறுபடி அசைக்க வேண்டும், கூலி இரண்டு தடவை. அதனால்தான் சேர்த்து மாற்றச் சொல்கிறார்கள். எல்லாமே ஏமாற்று இல்லை.

மாற்றுவதென்றால் இதையும் கவனியுங்கள். உங்கள் பழையது 80 சதவீத ரகமாக இருக்கலாம், அதாவது எரிக்கும் கேஸில் ஐந்தில் ஒரு பங்கு சூடு புகைபோக்கியில் போய்விடும். 95 சதவீத ரகம் புகையிலிருக்கும் ஈரத்தையும் தண்ணீராக்கி அந்தச் சூட்டையும் எடுத்துக்கொள்ளும். அதன் புகை ஆறிப்போயிருப்பதால் பிளாஸ்டிக் குழாயில் சுவர் வழியாக வெளியேறும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வீட்டில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்து, அதுவும் ஃபர்னஸும் ஒரே புகைபோக்கியைப் பகிர்ந்திருந்தால், ஃபர்னஸ் விலகியதும் வாட்டர் ஹீட்டர் தனியாக நிற்கும். அந்தப் பெரிய புகைபோக்கியைச் சூடாக்க அதன் சின்னத் தீ போதாது. புகை மேலே ஏறாமல் வீட்டுக்குள் திரும்பலாம். கொட்டேஷனில் புகைபோக்கிக்கு உள்குழாய் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

புதுக்குடி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் வீட்டில் சாதாரண ஸ்பிளிட் ஏசிதான். ஒவ்வொரு கோடையிலும் சர்வீஸுக்கு வருபவர் "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று ஏற்றிவிட்டுப் போகிறார். இது இயல்பா?

காற்றாடி:

இயல்பே இல்லை. கேஸ் எரிபொருள் இல்லை, தீர்வதற்கு. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் கசிகிறது என்று அர்த்தம். ஸ்பிளிட்டில் முதலில் பார்க்க வேண்டியது குழாய் சேரும் ஃப்ளேர் நட் இரண்டு பக்கமும். சோப்பு நுரை தடவினால் பெரும்பாலும் அங்கேயே குமிழ் வரும். ஃப்ளேரைப் புதிதாகப் போட்டு, வேக்குவம் இழுத்து (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி), நேம் பிளேட்டில் உள்ள எடைப்படி தராசு வைத்து ஏற்றச் சொல்லுங்கள். கைக்குச் சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து ஏற்றுபவரை அடுத்த தடவை கூப்பிடாதீர்கள்.

கணக்குப்புலி:

மேல்மாடி, கொட்டேஷன் வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள். பழையது எத்தனை டன்னோ அதே டன்னில் புதியதும் என்று எழுதித் தருவார்கள். "எதற்கும் அரை டன் கூட்டிப் போட்டுக்கலாம்" என்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் தலையாட்டாதீர்கள்.

ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு), சுமார் 3.5 கிலோவாட். ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பம் என்ற பழைய கணக்கிலிருந்து வந்த அளவு. தேவைக்கு மேல் பெரிதாக ஏசி போட்டால் அறை சீக்கிரம் குளிர்ந்து யூனிட் நின்றுவிடும். காற்றிலிருக்கும் ஈரத்தை வடிக்கக் காயில் தொடர்ந்து ஈரமாக ஓட வேண்டும். ஓடுவதற்குள் நின்றால் ஈரம் அப்படியே இருக்கும். சில்லென்றும் இருக்கும், பிசுபிசுவென்றும் இருக்கும். அடிக்கடி கிளம்பி நிற்பதால் கம்ப்ரசருக்கும் ஆயுள் குறையும்.

சரியான அளவு தெரிய வீட்டின் வெப்பச் சுமையைக் கணக்கிட வேண்டும்: சுவர், கூரை இன்சுலேஷன், ஜன்னல் எந்தத் திசை, காற்று எவ்வளவு புகுகிறது, எத்தனை பேர். பரப்பளவை வைத்து மட்டும் சொல்வது கணக்கு இல்லை.

குளிர்காலத்துக்கு ஒரு எளிய சோதனை உங்கள் கையிலேயே இருக்கிறது. உங்கள் பக்கத்தில் வழக்கமாக வரும் கடுங்குளிர் இரவில், தெர்மோஸ்டாட்டை ஒரே அளவில் வைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் பர்னர் மொத்தம் எத்தனை நிமிடம் எரிகிறது என்று குறியுங்கள். ஃபர்னஸ் 80,000 பிடியு உள்வாங்கி 80 சதவீதம் தருவது என்று வைத்துக்கொண்டால் வெளியே வருவது 64,000. மணிக்கு 24 நிமிடம்தான் எரிகிறது என்றால் வீட்டுக்கு அந்தக் குளிரிலும் தேவைப்படுவது 25,600. அதாவது இருப்பதில் பாதிகூட இல்லை. பல வீடுகளில் இந்த எண் வந்ததும் வீட்டுக்காரர்கள் நம்ப மறுப்பார்கள், திரும்ப ஒருமுறை அளப்பார்கள், அதேதான் வரும்.

இன்னொரு பெரிய ஓட்டை டக்ட். இணைப்புகளில் கசிந்து 20 முதல் 30 சதவீதம் வரை காற்று பரணிலோ தரையடியிலோ வீணாவது சாதாரணம். உங்கள் பிற்பகல் தொல்லையில் அதற்கும் பங்கு இருக்கலாம், பரண் சூடேறும் நேரம் அதுதானே. வெள்ளி நிற டேப் காய்ந்து உதிர்ந்த இடங்களில் மாஸ்டிக் பசை பூசினாலே குறையும். ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு 400 கன அடி காற்று வேண்டும். அது போகும் அளவுக்கு டக்ட் இருக்கிறதா என்று ஸ்டேட்டிக் பிரஷர் (டக்டுக்குள் இருக்கும் காற்றழுத்தம்) அளந்து சொல்லச் சொல்லுங்கள். இதை அளக்காமல் கொடுக்கிற கொட்டேஷன் பெட்டிக்கு மட்டும்தான்.

பனிக்கூரை:

யாரும் ஹீட் பம்ப் பேச்சையே எடுக்கவில்லையே! ஏசியை எப்படியும் மாற்றத்தான் போகிறார். அதே இடத்தில் ஹீட் பம்ப் போட்டால் கோடையில் ஏசி, குளிரில் ஹீட்டர். கேஸ் ஓடும் திசையை மாற்ற உள்ளே ஒரு ரிவர்சிங் வால்வு திரும்புகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு சூடு தரும். எங்கள் வீட்டில் அதுதான் ஓடுகிறது.

சுள்ளி:

பெரும் குளிரில் அது கையை விரித்துவிடும். பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறேன், ஐஸ் பிடித்து ஆவியாகப் புகைந்துகொண்டு நிற்கும்.

பனிக்கூரை:

நீங்கள் பார்த்தது பழுது இல்லை, டிஃப்ராஸ்ட். குளிரில் வெளிக்காயிலில் பனி படியும். அவ்வப்போது சில நிமிடம் ஏசிபோலத் திரும்பி ஓடி வெளிக்காயிலைச் சூடாக்கிப் பனியை உருக்கும். அப்போது எழும்புவது நீராவி. புதிதாகப் போட்டவர்கள் எரிகிறது என்று பதறுவது வழக்கம்தான்.

குளிர் கூடக் கூட அதன் வலு குறையும் என்பது உண்மை. −15 டிகிரி பக்கம் போகும்போது மூன்று என்பது இரண்டாகிவிடும். கடுங்குளிருக்கென்றே செய்த இன்வெர்ட்டர் மாடல்கள் தாங்கும். மேல்மாடிக்கு இருக்கும் வசதி, ஃபர்னஸ் நல்ல நிலையில் இருந்தால் அதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு குறிப்பிட்ட குளிர் வரை ஹீட் பம்ப், அதற்குக் கீழே ஃபர்னஸ். எந்த டிகிரியில் கைமாற்றுவது என்பது உங்கள் மின்சாரக் கட்டணத்தையும் கேஸ் கட்டணத்தையும் பொறுத்தது.

முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: ஃபர்னஸ் காற்று 50 டிகிரிக்கு மேல் சுடச்சுட வரும். ஹீட் பம்ப் காற்று 35, 40 தான். துளையில் கைவைத்துப் பார்த்து "சூடே இல்லை" என்பார்கள். மெதுவாக, நெடுநேரம் ஓடி அறையைச் சமமாக வைத்திருப்பது அதன் வழி. இரவில் குறைத்துக் காலையில் ஒரேயடியாக ஏற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் துணைக்கு எலக்ட்ரிக் ஹீட்டர் வைத்திருக்கும் வீடுகளில் அது ஓடிப் பில்லை ஏற்றிவிடும்.

திருப்புளி:

பனிக்கூரை சொன்னதை ஏற்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு. இன்வெர்ட்டர் யூனிட்டில் எலக்ட்ரானிக் போர்டுதான் உயிர். கரண்டில் ஏற்ற இறக்கம் உள்ள இடமென்றால் சர்ஜ் புரொடெக்டர் இல்லாமல் போடாதீர்கள். போர்டு அந்தக் கம்பெனியிலிருந்தே வர வேண்டும், நடுக் கோடையில் காத்திருக்க நேரும். பழைய யூனிட்டில் கெபாசிட்டர் எந்தக் கடையிலும் கிடைத்ததே, அந்தச் சௌகரியம் இதில் இல்லை.

எந்தப் பெட்டி வாங்கினாலும் பொருத்துகிற நாளில் பக்கத்தில் நில்லுங்கள். குழாயைப் பற்றவைக்கும்போது உள்ளே நைட்ரஜனை மெல்ல ஓட விட வேண்டும். விடாவிட்டால் செம்பின் உட்சுவரில் கறுப்புச் செதில் படியும், அது போய்க் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும். அடுத்து நைட்ரஜனை அழுத்தத்தில் நிரப்பிக் கசிவு பார்க்க வேண்டும். அதன் பிறகு வேக்குவம். பம்பை எவ்வளவு நேரம் போட்டார் என்பது முக்கியம் இல்லை, வேக்குவத்தை அளக்கும் மைக்ரான் மீட்டரில் 500-க்குக் கீழே இறங்கியதா, பம்பை மூடிய பிறகும் ஏறாமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. ஏறிக்கொண்டே போனால் உள்ளே ஈரமோ ஓட்டையோ இருக்கிறது. புதிய எண்ணெய் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகும், அமிலம் கம்ப்ரசர் வைண்டிங்கைத் தின்றுவிடும். மூன்றாவது வருடத்தில் கம்ப்ரசர் எரிந்து "இந்த பிராண்டே மோசம்" என்று திட்டுகிறார்களே, அதில் பாதி இந்த ஒரு மணி நேரத்தைக் குறுக்கியதால் வந்தது.

பழைய குழாயையே பயன்படுத்துவதென்றால் அளவு பொருந்த வேண்டும், உள்ளே தேங்கிய மினரல் எண்ணெயைக் கழுவி எடுக்க வேண்டும். சுவருக்குள் புதையாத குழாயென்றால் புதிதாகவே போட்டுவிடுங்கள்.

மேல்மாடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வேறொரு ஆளை வைத்து ஃபர்னஸைச் சோதித்தோம். ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கேமராவில் காட்டினார். துருப் படிந்திருக்கிறது, விரிசல் இல்லை. புகையில் கார்பன் மோனாக்சைடு அளவும் சரியாக இருக்கிறதாம். வாட்டர் ஹீட்டர் அதே புகைபோக்கியில்தான் இருக்கிறது. அக்கா சொல்லாவிட்டால் அதைக் கவனித்திருக்கவே மாட்டேன்.

டக்டில் பரணில் ஒரு இணைப்பு முழுதாகவே விலகிக் கிடந்தது. அதைச் சேர்த்துப் பசை பூசியதிலேயே மாடி அறை தேவலை. இந்தக் கோடையை இப்படியே ஓட்டிவிட்டு, கூட்டம் இல்லாத பருவத்தில் ஏசிக்குப் பதிலாக ஹீட் பம்ப் போடலாம் என்று நானும் மனைவியும் பேசியிருக்கிறோம். ஃபர்னஸ் இருக்கட்டும். சுமைக் கணக்கு போட்டுத் தந்தவர் ஒருவர்தான். இப்போதிருப்பது நான்கு டன், அவர் சொல்வது மூன்று.

இரண்டு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. தெர்மோஸ்டாட்டையும் மாற்ற வேண்டுமா? அப்புறம், உள்காயிலுக்குக் கீழே தண்ணீர் தட்டு நிரம்பி ஒருமுறை கூரையில் கறை விழுந்திருக்கிறது. புதியதிலும் அப்படி ஆகுமா?

கணக்குப்புலி:

மூன்று டன் என்றவரின் தாளில் கோடை, குளிர் இரண்டுக்கும் தனித்தனி எண் இருக்கிறதா பாருங்கள். ஹீட் பம்ப் என்றால் குளிர்கால எண்ணையும் அது எட்ட வேண்டும், அல்லது எந்த டிகிரிக்குக் கீழே ஃபர்னஸ் எடுத்துக்கொள்ளும் என்று எழுதியிருக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட் மாற வேண்டும். ஏசிக்கான பழைய தெர்மோஸ்டாட்டுக்கு ரிவர்சிங் வால்வைத் திருப்பத் தெரியாது. ஹீட் பம்பும் ஃபர்னஸும் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது என்பதால், இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டத் தெரிந்த ரகமாக இருக்க வேண்டும். சுவரில் எத்தனை ஒயர் வருகிறது என்று இப்போதே எண்ணி வையுங்கள். போதாவிட்டால் புது ஒயர் இழுப்பதையும் கொட்டேஷனிலேயே சேர்த்துவிடலாம்.

காற்றாடி:

தண்ணீர்த் தட்டுக்கு: வடிகால் குழாயில் பாசி பிடித்து அடைத்திருக்கும். புதிய காயில் வரும்போது குழாய்க்குச் சரிவு இருக்கிறதா, வளைவும் சுத்தம் செய்யத் திறப்பும் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். காயில் பரணிலோ கூரைக்கு மேலோ இருந்தால் அடியில் இரண்டாவது தட்டும் வேண்டும். தட்டில் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் போட்டுவிடுங்கள், தண்ணீர் ஏறினால் யூனிட்டை அதுவே நிறுத்திவிடும். விலை அற்பம். கேட்டால்தான் போடுவார்கள்.

மேல்மாடி:

கொட்டேஷனில் எழுதச் சொல்லிவிடுகிறேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்தேன், நான்கு ஒயர்தான் வருகிறது.

கணக்குப்புலி:

போதாது. புது ஒயர் இழுக்கச் சொல்லுங்கள், எட்டுக் கம்பி உள்ளதாக.